தையல் மெஷினும் காப்பி மேஜையும்

பழைய பொருள்களின் மேல் பக்தி கொண்டவர்களிடம் எனக்குச் சில காலமாக ஒரு பயம் உண்டாகியிருக்கிறது. பழையதை வெறுப்பவர்களிடம் அத்தனை பயம் இல்லை. அவர்கள் வேண்டாத சாமானைப் பழைய இரும்புக்காரனுக்கு எடைக்குப் போட்டுவிட்டு, கிடைத்த காசை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு மறந்துவிடுவார்கள். பக்தர்கள் அப்படி விடுவதில்லை. துடைத்து, வர்ணம் பூசி, மேலே கண்ணாடி போட்டு, அந்தக் காரியத்துக்குப் 'புதுப்பித்தல்' என்று மங்கலமான ஒரு பெயரையும் சூட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக் கொண்டிருப்பார்கள்.

திருவண்ணாமலையில் செங்கம் சாலைப் பக்கம் இப்போது காப்பிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் ஒன்றில் என் முன்னால் காப்பி வந்து அமர்ந்த மேஜையைக் குனிந்து பார்த்தேன். மேலே வழவழவென்று தேக்குப் பலகை. கீழே கொடியும் சுருளுமாக வார்த்தெடுத்த இரும்புக் கால்; நடுவில் வளைவாக ஆங்கில எழுத்தில் 'ஸிங்கர்'. மிதிபலகைகூட இருந்தது. காலை வைத்து அழுத்தினேன். பாவம், பழக்க தோஷத்தில் அதுவும் ஆடிற்று. அது ஆடி ஓட்ட வேண்டிய மெஷினைத்தான் காணோம்.

"தலை எங்கே?" என்று கேட்டேன்.

பரிமாறிய பையனுக்குக் கேள்வி விளங்கவில்லை. கடைக்காரர் சிரித்த முகத்தோடு வந்தார். "சார், இது ஆன்டிக். முழுக்க ரெஸ்டோர் பண்ணினது" என்றார்.

கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லாத ஒருவனைப் பூரண குணமாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்து வைத்தியர் வீட்டுக்கு அனுப்பினால் நாம் சும்மா இருப்போமா? அந்தக் கடைக்காரர் நல்லவர். காப்பியும் நன்றாகவே இருந்தது. என் சண்டை அவரோடு அல்ல, அவர் வாயில் வந்த அந்தச் சொல்லோடு.

பழுது பார்ப்பது என்றால் என்ன என்று தெரியாத ஊரா இது? அருணாசலேசுவரர் கோயிலின் பெரிய தேரை 2024-ல் சீர்திருத்தினார்கள். பழுதான பாகங்களை மாற்றினார்கள். கார்த்திகை தீபத்துக்கு முன்பாக, நவம்பரில், வெள்ளோட்டம் விட்டார்கள். அது நிலைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் வேலை முடிந்தது என்று ஊர் ஒப்புக்கொண்டது. சக்கரத்தைக் கழற்றி ஒரு பங்களா வாசலில் சாய்த்து வைத்து, 'தேர் புதுப்பிக்கப்பட்டது' என்று எவராவது பலகை எழுதியிருந்தால் மாட வீதியில் நடமாடியிருக்க முடியாது.

தையல் மெஷினுக்கும் வெள்ளோட்டம் உண்டு. ஒரு துண்டு காடாத் துணி போதும். (மலையுச்சியில் ஏற்றும் தீபத்துக்குத் திரியாகப் போவதும் காடாத் துணிதான்.) ஒரு முழம் ஓட்டிப் பார்த்து, மேலும் கீழும் ஒரே மாதிரி விழுந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தால் ஆயிற்று.

இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் பழைய மெஷின் ரிப்பேர் செய்யும் ஒரு பெரியவர். சின்னக்கடைத் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இரண்டு ஆள் உட்கார்ந்தால் மூன்றாம் ஆள் வாசலில் நிற்க வேண்டிய அளவுக்கு ஒரு கடை. ஊரில் எல்லாரும் 'மெஷின் பாய்' என்கிறார்கள். நானும் பாய் என்றே கூப்பிடுகிறேன். அவர் மெஷினைத் தொடுவதற்கு முன்னால் அதைக் கொண்டு வந்தவரைத்தான் முதலில் பார்ப்பார். "நூல் கோத்துக் காட்டும்மா" என்பார். அந்த அம்மாள் கோத்துக் காட்டுவாள். பல சமயம் நோய் அங்கேயே பிடிபட்டுவிடும். துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்குகிறது என்றால் எல்லாரும் அடியில் இருக்கும் பாபினைத்தான் திட்டுகிறோம். குற்றவாளி அநேகமாக மேல் நூல். அது இழுவிசைத் தட்டுகளுக்கு நடுவே சரியாக உட்கார்ந்திராது. நூலை எடுத்துவிட்டு மறுபடி கோத்துக் கொடுத்து, "போய் வா" என்று அனுப்பிவிடுவார். அதற்குக் கூலி வாங்குவதில்லை. வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

இந்த மெஷின் செய்கிற வேலையை ஒரு தடவை கூர்ந்து பார்த்தவர்களுக்கு அதைக் காப்பி மேஜையாக்க மனசு வராது. ஊசி துணியைத் துளைத்துக் கீழே இறங்குகிறது. இறங்கியபடியே இருந்தால் தையல் விழாது. அடி மட்டத்திலிருந்து அது இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் மேலே எழும்பும்போது, ஊசிக் காதின் அருகே நூல் தளர்ந்து சின்னதாக ஒரு வளையம் உண்டாகிறது. அந்தக் கணத்தில் கீழே சுழலும் கொக்கி வந்து வளையத்தைக் கவ்விக்கொண்டு, பாபினைச் சுற்றி ஒரு பிரதட்சணம் செய்துவிட்டு விடுகிறது. மேல் நூலும் கீழ் நூலும் துணியின் நடு வயிற்றில் பின்னிக் கொள்கின்றன. கொக்கி மயிரிழை முந்தினாலும் பிந்தினாலும் தையல் தப்பும். இன்னும் பழைய மாதிரிகளில் கொக்கிக்குப் பதிலாக, தறியில் ஓடுகிற ஓடத்தைப் போல நீளமான ஒன்று இருக்கும். அதற்குப் பாபின் கிடைப்பதுதான் கஷ்டம்.

பாபின் கேஸின் இறுக்கம் சரியா என்று பார்க்கப் பாய் எந்தக் கருவியையும் எடுப்பதில்லை. நூல் முனையைப் பிடித்துக் கேஸைத் தொங்க விடுவார். தானாகக் கீழே இறங்கக் கூடாது. கையை ஒரு சுண்டு சுண்டினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை. அந்த ஒரு சுண்டலில் அவருடைய நாற்பது வருஷம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

நம் பக்தர்கள் இந்த மெஷினை என்ன செய்கிறார்கள்? முதலில் உப்புக் காகிதம் போட்டுத் தேய்க்கிறார்கள். அல்லது தின்னரை ஊற்றித் துடைக்கிறார்கள். பழைய ஸிங்கரின் கறுப்பு உடம்பில் பொன் நிறத்தில் கொடியும், சில மாதிரிகளில் எகிப்து தேசத்துச் சிங்க உருவமும் இருக்கும். அவற்றின் மேல் அரக்குப் பூச்சு. ஸ்பிரிட் பட்டால் அரக்குக் கரைந்து, அதோடு பொன்னும் போய்விடும். பிறகு என்ன, கறுப்புப் பெயிண்டைப் பீய்ச்ச வேண்டியது. பொன் வர்ணத்தில் பிரஷ்ஷால் கோடு இழுக்க வேண்டியது. எண்ணெய்த் துவாரங்களெல்லாம் பெயிண்டால் அடைபட்டுப் போயிருக்கும். கைச்சக்கரத்துக்கு உள்ளே மூன்று காதுள்ள ஒரு வாஷர் உண்டு. அதைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திருப்பி மாட்டியிருப்பார்கள். சக்கரம் ஜோராகச் சுற்றும், ஊசி இறங்காது. பார்வைக்குப் புத்தம் புதுசு!

கோயில்களில் மணலைப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்யப் போய்க் கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்துபோன கதை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. அதே புத்திதான் இங்கேயும். அழுக்குப் போனால் போதும், எழுத்துப் போனால் என்ன!

இதில் வருத்தத்தோடு நின்றுவிடாமல் கோபமும் கொள்ள வேண்டியிருப்பது, நடுவில் ஒரு பெண்பிள்ளையின் ஜீவனம் இருப்பதால். பாய் கடையில் நான் கண்ட ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். கோயிலுக்குப் பின்புறத் தெரு ஒன்றில் இருக்கும் ஓர் அம்மாள், கணவன் இல்லை, ரவிக்கையும் பள்ளிக்கூடச் சீருடையும் தைத்து இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றுகிறவள். மெஷின் மாமியார் காலத்து ஸிங்கர். உடம்பு சரியில்லாமல் நாலைந்து மாதம் தைக்கவில்லை. திரும்ப உட்கார்ந்தபோது சக்கரம் அசையவில்லை. பழைய சாமான் வாங்க வந்த ஒருவர் பார்த்துவிட்டு, "இது செத்துப்போச்சு அக்கா. இனிமே ஓடாது. இரும்பா எடுத்துக்கறேன், ரெண்டாயிரம் தர்றேன்" என்றாராம். அவள் சரி என்று சொல்லவிருந்தவள், பக்கத்து வீட்டுக்காரி சொன்னதற்காகத் தலையை மட்டும் சாக்கில் சுற்றி ஆட்டோவில் பாயிடம் எடுத்து வந்தாள்.

பாய் ஒரு துவாரத்தில் விரலை வைத்து முகர்ந்தார். "தேங்காய் எண்ணெயா?"

"ஆமாம் பாய். மெஷின் எண்ணெய் தீர்ந்து போச்சு. தலைக்கு வைக்கிறதுதானேன்னு ஊத்தினேன்."

"தலைக்கு ஊத்து. இதுக்கு ஊத்தாதே."

சமையலறை எண்ணெய் எதுவானாலும் நாள்பட நாள்படப் பிசினாகிவிடும். உராயும் இடங்களெல்லாம் கோந்து போட்டது மாதிரி ஒட்டிக்கொள்ளும். பாய் ஒவ்வொரு துவாரத்திலும் மண்ணெண்ணெய் விட்டு இரவு முழுவதும் ஊற வைத்தார். (இப்போது மண்ணெண்ணெய் கிடைப்பதே ஒரு பாடு.) மறுநாள் சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தார். பலத்தைக் காட்டவே இல்லை. பத்து மணிக்குக் கால் சுற்று வந்தது. பன்னிரண்டு மணிக்கு முழுச் சுற்று. பழைய எண்ணெய் தேன் நிறத்தில் கசிந்து ஒழுகியது. துடைத்து, மெஷின் எண்ணெய் விட்டு, இற்றுப்போன தோல் வாருக்குப் பதில் புது வார் கொடுத்து, அவர் வாங்கிய கூலி நானூறு ரூபாய். காடாத் துணியில் வெள்ளோட்டம் பார்த்தாள் அந்த அம்மாள். திருப்பிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் மணி மணியாக விழுந்திருந்தது.

அந்த இரண்டாயிரம் ரூபாய்க்காரர் இரும்பையா விலைக்குக் கேட்டார்? இனி ஓடாது என்று அந்தப் பெண் நம்பிவிட்டாளே, அந்த நம்பிக்கைதான் அவருக்கு லாபம். இரும்புக் கால் ஒரு மேஜைக்குப் போகும். தலை ஒரு ஹோட்டல் வரவேற்பறைக்குப் போகும். லண்டனில் பிறந்த ஒரு ஆயத்த ஆடைக் கம்பெனி, கடையின் கண்ணாடி ஜன்னல்களில் நூற்றுக்கணக்கில் பழைய தையல் மெஷின்களை அடுக்கி வைத்தே பிரசித்தி அடைந்தது. தைக்க முடியாத மெஷின்களுக்குப் பின்னால் தைத்த சட்டைகள் விற்கிறார்கள். இதைவிடப் பெரிய பரிகாசத்தை எந்தக் கதாசிரியனும் கற்பனை செய்திருக்க முடியாது.

பேராசையின் இன்னொரு முகத்தையும் சொல்லிவிட வேண்டும். 2009-ல் சௌதி அரேபியாவில் ஒரு வதந்தி கிளம்பியது. பழைய ஸிங்கர் மெஷின்களுக்குள் 'சிவப்புப் பாதரசம்' என்று ஒரு அற்புதப் பொருள் இருக்கிறதாம். செல்போனைப் பக்கத்தில் கொண்டு போனால் காட்டிக் கொடுக்குமாம். ஜனங்கள் முட்டி மோதிக் கொண்டு ஆயிரக்கணக்கான ரியாலைக் கொட்டினார்கள். சிவப்புப் பாதரசம் என்று ஒரு பொருளே கிடையாது. அவர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை. கலசத்தில் இரிடியம் இருக்கிறது, அரிசியை இழுக்கும் செம்பு என்றெல்லாம் நம்பி இந்தத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் சொத்தை இழந்து போலீஸ் ஸ்டேஷனில் நின்றிருக்கிறார்கள்! அப்படிப்பட்டவர்கள் கையில் அகப்பட்ட மெஷின் சுக்கு நூறாவதைத் தவிர வேறு கதியில்லை.

வயசு விஷயத்திலும் புளுகு. 'இருநூறு வருஷத்து மெஷின்' என்று விளம்பரம் செய்கிறார்கள். ஐசக் மெரிட் ஸிங்கர் தம்முடைய மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியதே 1851-ல். மெஷினின் அடிப்பலகையில் ஒரு எண் பொறித்திருக்கும். எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்து இருந்தால் அது 1900-க்கு முந்தியது அல்ல. நம் ஊருக்கு வந்தவற்றில் பல ஸ்காட்லாந்தில் கிளைட்பாங்க் தொழிற்சாலையில் பிறந்தவை. 1880-களில் எழும்பிய அந்தத் தொழிற்சாலையை 1980-ல் மூடிவிட்டார்கள். தாய்வீடு போய்விட்டது, பெண் இங்கே இன்னும் உழைக்கிறாள்.

ஸிங்கரைப் பற்றி நம் நாட்டில் ஒரு அழகான கதை உலவுகிறது. அதற்குக் காரணம் மகாத்மா. 1924-ல் டில்லியில் ஒரு இளைஞர் அவரிடம், எல்லா யந்திரங்களுக்குமே நீங்கள் விரோதியா என்று கேட்டார். கேட்டவர் ஜி. ராமச்சந்திரன், பிற்காலத்தில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்களில் ஒருவர். தையல் மெஷினுக்கு விதிவிலக்குத் தருகிறேன் என்றார் காந்தி. மனைவி கையால் தைத்துத் தைத்துச் சிரமப்படுவதைக் கண்டு பொறுக்காமல், அவள்மேல் கொண்ட அன்பினால் ஸிங்கர் அதைச் செய்தார் என்று காரணமும் சொன்னார். மகாத்மாவின் மனசு பெரிது; அதனால் ஸிங்கருக்கும் ஒரு பெரிய மனசைக் கொடுத்துவிட்டார். வாஸ்தவத்தில் ஸிங்கர் ஊர் ஊராகத் திரிந்த நாடகக்காரர். பல குடும்பம் நடத்தி இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர். அன்புக்குக் குறைவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம்! ஆனால் எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. 1850-ல் பாஸ்டன் நகரில் ஒரு பட்டறையில், வேறு ஒருவர் கண்டுபிடித்து, அடிக்கடி மக்கர் பண்ணிக் கொண்டிருந்த தையல் மெஷின்களைச் செய்தும் பழுது பார்த்தும் கொடுத்துக் கொண்டிருந்தார்கள். அங்கே நின்றிருந்த ஸிங்கர், ஏன் மக்கர் பண்ணுகிறது என்று குடைந்து பார்த்தார். அந்தக் குடைச்சலிலிருந்து பிறந்ததுதான் ஸிங்கர் மெஷின். ரிப்பேர் பெஞ்சில் பிறந்த ஜாதி அது. அதை ரிப்பேர் செய்வது கௌரவக் குறைவு என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்லி வைத்தேன்.

ஆட்சேபங்கள் வரும், தெரியும். மோட்டார் வைத்த புது மெஷின் இருக்க இந்தக் கிழட்டு இரும்பு எதற்கு என்பார்கள். புது மெஷின் வேண்டாம் என்று எவன் சொன்னான்? ஒரு நாளைக்கு நூறு சட்டை தைக்கிற இடத்துக்கு அதுதான் சரி. ஆனால் ஸிங்கரின் பதினைந்தாம் நம்பர் மாதிரியைப் பார்த்துத்தான் உஷா முதல் ஜப்பான் கம்பெனிகள் வரை கறுப்பு மெஷின்களைச் செய்து தள்ளினார்கள். ஆகையால் அதற்குப் பாபினும் கேஸும் ஊசியும் இன்றைக்கும் தேரடித் தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கின்றன. மின்சாரம் இல்லாமல் ஓடுகிறது. ஒரு திருப்புளியும் ஒரு எண்ணெய்ச் சிமிழும் இருந்தால் சொந்தக்காரியே பாதிக் காரியம் பார்த்துக் கொள்ளலாம். எந்த இடத்தில் எண்ணெய் விட வேண்டும் என்று படம் போட்ட சிறு புத்தகம் மெஷினோடேயே வந்தது. 2022 டிசம்பரில் மத்திய அரசு, வாங்கிய பொருளைப் பழுது பார்த்துக் கொள்ளும் உரிமைக்காக ஒரு இணையதளம் திறந்தது. நல்ல காரியம். நம் பாட்டிமார் அந்த உரிமையை மேஜை டிராயரில் வைத்திருந்தார்கள்.

சாமானைச் சரிப்படுத்தி ஏழைகளுக்குக் கொடுக்கும் யோசனை நடக்காத காரியமும் அல்ல. இங்கிலாந்தில் 'டூல்ஸ் ஃபார் ஸெல்ஃப் ரிலையன்ஸ்' என்ற தர்ம ஸ்தாபனத்தின் தொண்டர்கள், பிறர் வேண்டாம் என்று கொடுத்த தையல் மெஷின்களை ஓடும் நிலைக்குக் கொண்டு வந்து ஆப்பிரிக்கத் தையற்காரர்களுக்கு அனுப்பினார்கள். அவர்கள் அனுப்பியவை மேஜைகள் அல்ல.

இன்னொரு ஆட்சேபம்: பழையதைக் கட்டிக்கொண்டு அழுவது தரித்திர புத்தி. இதைத் திருவண்ணாமலையில் இருந்துகொண்டு சொல்பவரைக் கண்டால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. இந்த மலைமேல் இருந்த காலத்தில் ரமணர் கிழிந்த கௌபீனத்தை, முள்ளை ஊசியாக வைத்து, அந்தத் துணியிலிருந்தே நூலை உருவித் தைத்துக் கட்டிக் கொண்டார் என்று ஆசிரமத்து நூல்களில் இருக்கிறது. அவரைத் தேடி உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் வருகிறார்கள். வந்தவர்கள் தலை வெட்டிய தையல் மெஷினின் மேல் காப்பியை வைத்துக்கொண்டு எளிமையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

சர்க்காரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ஏழை விதவைகளுக்கும் கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கும் இலவசமாகத் தையல் மெஷின் கொடுக்கும் திட்டத்தைச் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால் தமிழக அரசு நடத்தியது. அதனால் பிழைத்த குடும்பங்கள் உண்டு. மத்திய அரசு 2023-ல் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் பதினெட்டுத் தொழில்கள். பூட்டுச் செய்பவர் உண்டு, பூக்கட்டுபவர் உண்டு, தையற்காரரும் உண்டு. அந்தத் திட்டத்தைப் பற்றிச் சென்னைக்கும் டில்லிக்கும் நடந்த சண்டையில் நான் தலையிடவில்லை. அந்தப் பட்டியலில் தையற்காரருக்கு மெஷினைச் சரிசெய்து கொடுப்பவர் தனித் தொழிலாகக் காணப்படவில்லை என்பதுதான் என் வழக்கு. கொடுத்த மெஷின் இரண்டாம் வருஷம் நின்றுபோனால் அதை யாரிடம் எடுத்துப் போவாள் அவள்? தாலுகாவுக்கு ஒரு ஆள், மாசத்தில் ஒரு நாள், பஞ்சாயத்து அலுவலகத் திண்ணையில் ஒரு திருப்புளியோடு உட்கார்ந்தால் போதாதா? அதற்கு எத்தனை செலவாகிவிடும்?

பாயிடம் தொழில் கற்றுக் கொள்ள ஆள் இல்லை. மகன் செய்யாறு சிப்காட்டில் ஒரு காலணித் தொழிற்சாலையில் மெஷின் மெக்கானிக். மாதம் பிறந்தால் சம்பளம், பஸ் வசதி, பிராவிடண்ட் பண்டு. "அவன் ஏன் சார் இந்தச் சந்துக்கு வரணும்? நானே வராதேன்னுட்டேன்" என்கிறார். அதில் எனக்கு மறுத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மெஷினைப் பளபளப்பாக்கிக் காட்டுகிறவருக்குப் பதினையாயிரம் கொடுக்கிறோம். அதை ஓட வைப்பவர் நானூறு கேட்டால், "முந்நூறு வச்சுக்கங்க பாய்" என்று பேரம் பேசுகிறோம். எந்த மகன் வருவான்?

இதைப் படிக்கும் உங்களில் பலர் வீட்டிலும் துணி மூடிய ஒரு மெஷின் மூலையில் இருக்கும். அதன்மேல் டெலிபோன் டைரக்டரியோ சாமி படமோ இருக்கும். அதை வெளியே எடுப்பதானால் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். சக்கரத்தைப் பலம் கொண்டு திருப்பாதீர்கள். உப்புக் காகிதம் வேண்டாம். தலை பத்துப் பன்னிரண்டு கிலோவாவது இருக்கும். குழந்தைகளை விட்டுத் தூக்கச் சொல்லாதீர்கள். இரும்புக் காலை வீட்டிலேயே விட்டுவிட்டுத் தலையை மட்டும் சாக்கில் சுற்றி எடுத்துப் போனால் போதும். பாபின் கேஸை மறந்துவிட்டு வருகிறவர்களைப் பாய் திருப்பி அனுப்பிவிடுவார். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடை இருக்காது.